கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

மொக்கைச்சாமி: கிரானைட்டு பாக்கத்தான் வாரான். நீங்க என்ன சொன்னாலும் சரி.

சரண்யாதேவி: ஐயா, அவங்க நம்ம பள்ளிக்கூடத்தப் பாக்க வர்றாங்க.

மொக்கைச்சாமி: முன்னால ஒருத்தன் வந்தான்ல, அவனும் இதத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்து வாசல்லதான் நின்னான். கண்ணு பூராம் பின்னால இருக்க மலையில இருந்துச்சு.

சரண்யாதேவி: அது வேற ஆளு. இவங்க ஆறு நாட்டுக் கல்வி அதிகாரிங்க. மதுரையில இருந்து வேன் கிளம்பியாச்சு. பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாங்க. மணி இப்பவே ஒன்பதே முக்கால்...

மொக்கைச்சாமி: வரட்டும். காப்பித்தண்ணி குடுத்து அனுப்புங்க. நீங்க எட்மாஸ்டர் டீச்சரு. நான் எதுக்கு அங்க?

சரண்யாதேவி: மருதங்குளத்துக்குப் பெரியவர் நீங்கதான? ஆறு ஊர்ப் பெரியவங்களும் வரிசையா நின்னாத்தான்...

மொக்கைச்சாமி: அஞ்சு பேரு நிக்கட்டும்.

சரண்யாதேவி: ஆறு நாட்டுக்காரங்கய்யா. ஆளுக்கு ஒரு மாலை போடணும்.

மொக்கைச்சாமி: புளியம்பட்டி விருமாண்டி ரெண்டு மாலையாப் போடட்டும். அவனுக்குத்தான் எல்லாத்துலயும் முந்தணுமே.

சரண்யாதேவி: பதினோரு வருசம் ஆச்சு. இன்னுமாய்யா?

மொக்கைச்சாமி: நூத்திப் பதினோரு வருசம் ஆனாலும்... டீச்சர், நீங்க சமயநல்லூர்க்காரவுக, உங்களுக்கு இது வெளங்காது. பெரிய கண்மாயில மீன்பிடித் திருவிழா. ஆறு ஊர்ச் சனமும் வலையும் கூடையுமாக் கரையில நிக்கிது. வெள்ளத் துண்ட வீசுனாத்தான் தண்ணியில காலு வைக்கணும். காலங்காலமா வீசுறது யாரு? மருதங்குளம். நான் தோள்ல கெடக்க துண்ட எடுக்குறேன்... அதுக்குள்ள அந்தப் பய வீசிட்டான்!

சரண்யாதேவி: உங்க துண்டு கருவ முள்ளுல மாட்டிக்கிச்சுன்னு...

மொக்கைச்சாமி: யாரு சொன்னா?

சரண்யாதேவி: எல்லாருந்தான்.

மொக்கைச்சாமி: மாட்டுனா? எடுக்க விட வேணாமா? அஞ்சு ஊருக்காரனும் தபதபன்னு எறங்கிட்டான். மருதங்குளம் மட்டும் கரையிலயே நின்னுச்சு. அம்புட்டு விராலையும் அவனுகதான் அள்ளிட்டுப் போனானுக. அன்னையில இருந்து அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த கெடையாது. அவன் பேரு இருக்க காயிதத்துல என் பேரு இருக்காது.

சரண்யாதேவி: அந்தக் காயிதத்துலதானய்யா நம்ம பிளஸ் டூ இருக்கு! பள்ளிக்கூடத்துக்குப் பின்னால உள்ள நெலம் ஆறு ஊருக்கும் பொது. ஆறு பேரும் எழுதிக் குடுத்தாத்தான் அதுல கட்டடம். இன்னிக்கு இவங்ககூட நம்ம மாவட்டக் கல்வி அதிகாரியும் வர்றாரு. அவரு கையில குடுக்கலைன்னா வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. அஞ்சு பேரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

மொக்கைச்சாமி: போட்டாச்சா? எங்க, காட்டுங்க.

சரண்யாதேவி: பைலுக்குள்ள இருக்கு. அப்புறமாக் காட்டுறேன். போன வருசம் பத்தாவது முடிச்ச பொண்ணுங்கள்ல பதிமூணு பேரு பிளஸ் டூ படிக்கக் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஏற முடியாம வீட்டுலயே உக்காந்துருச்சு. இந்த வருசம் உங்க பேத்தி தமிழ்வாணி...

மொக்கைச்சாமி: அவள எதுக்கு இப்ப இழுக்குறீக?

சரண்யாதேவி: கணக்குல தொண்ணூத்தெட்டு எடுத்திருக்கா.

மொக்கைச்சாமி: தெரியும். ஆட்டுக்குட்டிகிட்ட மட்டுந்தான் சொல்லல. மத்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டா.

சரண்யாதேவி: அப்ப...

மொக்கைச்சாமி: இருங்க. அந்த ஆறு நாட்டுக்காரன் ஏன் இங்க வாரான்? அதச் சொல்லுங்க மொதல்ல.

சரண்யாதேவி: அது... நான் ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். 'ஆறு ஊர், ஒரு பள்ளி'ன்னு. சென்னை மாநாட்டுல வாசிச்சாங்க. ஆறு ஊரும் ஒத்துமையா நின்னு ஒரு பள்ளிக்கூடத்தப் பாத்துக்கிடுதுன்னு...

மொக்கைச்சாமி: ஒத்துமையாவா?

சரண்யாதேவி: ஆமா.

மொக்கைச்சாமி: எங்களையா எழுதுனீக?

சரண்யாதேவி: ...கொஞ்சம் கூட்டி எழுதிட்டேன்.

மொக்கைச்சாமி: பொய் பேசக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்துச் செவுத்துல எம்மாம்பெருசா எழுதிப் போட்டிருக்கீக!

சரண்யாதேவி: அது பிள்ளைங்களுக்குய்யா.

மொக்கைச்சாமி: ம்... அந்த நாடுக எந்தப் பக்கம்?

சரண்யாதேவி: ஐரோப்பாவுல, தென்கிழக்கு மூலையில. அல்பேனியா, செர்பியா, மாண்டினீக்ரோ, வடக்கு மாசிடோனியா, போஸ்னியா, கொசோவோ...

மொக்கைச்சாமி: சுகருக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திர மாதிரியே இருக்கு.

சரண்யாதேவி: ஐரோப்பிய யூனியன்னு ஒண்ணு இருக்கு. அதுல சேரணும்னு இந்த ஆறும் வாசல்ல நிக்கிது.

மொக்கைச்சாமி: எம்புட்டு நாளா?

சரண்யாதேவி: இருபது வருசத்துக்கு மேல.

மொக்கைச்சாமி: அடேயப்பா! நம்ம பஸ்ஸ்டாப்புக்குக் கூரை கேட்டதே பதினாலு வருசந்தான்.

சரண்யாதேவி: மொதல்ல உங்க பள்ளிக்கூடம், காலேஜ எல்லாம் சீர்படுத்துங்க, உங்களுக்குள்ள ஒத்துப் போங்கன்னு யூனியன் சொல்லுது. ஒரு நாட்டுல வாங்குன பட்டம் பக்கத்து நாட்டுல செல்லணும்னு.

மொக்கைச்சாமி: செல்லாதா? கண்மாயத் தாண்டுனா படிப்பு அழிஞ்சு போயிருமா?

சரண்யாதேவி: லேசுல செல்லாது. ஆபீஸ் ஆபீஸா அலையணும். இப்பத்தான் ஆறு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கு. டாக்டர், பல் டாக்டர், கட்டடத்துக்குப் பிளான் போடுறவங்க...

மொக்கைச்சாமி: ஒருத்தனே ஆறு நாட்டுப் பல்லையும் புடுங்கலாம்ங்கிறீக.

சரண்யாதேவி: அப்படித்தான்.

மொக்கைச்சாமி: அதெல்லாம் வெளிப்பேச்சு. அவனுகளுக்குள்ள சண்டை இல்லையாக்கும்?

சரண்யாதேவி: சண்டையா? கொசோவோ ஒரு நாடுங்கிறதையே செர்பியா ஒத்துக்கலய்யா.

மொக்கைச்சாமி: அப்படி வாங்க வழிக்கு! எத்தன வருசமா?

சரண்யாதேவி: பதினஞ்சுக்கு மேல.

மொக்கைச்சாமி: எங்களவிட நாலு வருசம் கூடவா... பெறகு எப்படி ஒரே காயிதத்துல? ஒருத்தன் பேரப் பாத்தா இன்னொருத்தன் எந்திரிச்சுப் போவானே?

சரண்யாதேவி: போனு அடிக்கிதுய்யா.

மொக்கைச்சாமி: அடிக்கட்டும். சிம்மு கம்பெனிக்காரன். விடிஞ்சதுல இருந்து உசுர வாங்குறான். நீங்க சொல்லுங்க.

சரண்யாதேவி: அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கொசோவோன்னு எழுதுனா, பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுறது.

மொக்கைச்சாமி: நட்சத்திரமா! அடடா! அதென்ன டீச்சர் நட்சத்திரம், நான் கேள்விப்பட்டதே இல்லையே!

சரண்யாதேவி: காயிதத்தோட அடியில சின்ன எழுத்துல ஒரு குறிப்பு. 'இந்தப் பேர எழுதுனதால யாரும் அவங்கவங்க நிலையை விட்டுக் குடுத்ததா அர்த்தம் இல்லை'ன்னு.

மொக்கைச்சாமி: அம்புட்டுத்தானா?

சரண்யாதேவி: அம்புட்டுத்தான். நட்சத்திரத்தப் போட்டுட்டு உக்காந்து பேசிருக்காங்க. சண்டை அது பாட்டுக்கு இருக்கு. பிள்ளைங்க படிப்பு அது பாட்டுக்கு நடக்குது.

மொக்கைச்சாமி: அது பாட்டுக்கு இருக்கு... அது பாட்டுக்கு நடக்குது...

சரண்யாதேவி: என்னய்யா யோசிக்கிறீங்க? ஆமா, வரவே மாட்டேங்கிற ஆளு எதுக்கு இஸ்திரி போட்ட வேட்டி கட்டியிருக்கீங்க? சவரம் வேற பண்ணியிருக்கீங்க!

மொக்கைச்சாமி: புதன்கிழமைன்னா சவரம் பண்ணுவேன்.

சரண்யாதேவி: இன்னிக்கு வியாழன்.

மொக்கைச்சாமி: நேத்து பிளேடு இல்ல. அத விடுங்க. அந்த நட்சத்திரத்த... நம்ம காயிதத்துல போட்டா சர்க்கார் ஒத்துக்கிடுமா?

சரண்யாதேவி: நான் கேட்டுட்டேன். பேரும் கையெழுத்தும் சரியா இருந்தாப் போதுமாம். என்ன குறிப்பு வேணும்னு சொல்லுங்க, எழுதுறேன்.

மொக்கைச்சாமி: எழுதுங்க. 'நான் கையெழுத்துப் போட்டது பிள்ளைக படிப்புக்கு. துண்டு வீசுற உரிமை களவாணிப்பய விருமாண்டிக்கு...'

சரண்யாதேவி: களவாணிப்பய வேணாம்.

மொக்கைச்சாமி: அதான முக்கியம்!

சரண்யாதேவி: அதிகாரி படிப்பாருய்யா.

மொக்கைச்சாமி: சரி, 'அன்னார்'னு போடுங்க. போலீசு டேசன்ல எங்கள அப்படித்தான் எழுதுவாக.

சரண்யாதேவி: 'பெரிய கண்மாயில் துண்டு வீசும் உரிமை புளியம்பட்டி அன்னாருக்கு உண்டென்று மருதங்குளம் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை.' போதுமா?

மொக்கைச்சாமி: முள்ளப் பத்தி ஒண்ணும் வரலையே?

சரண்யாதேவி: வரல.

மொக்கைச்சாமி: பேனாவக் குடுங்க. மூணாங்கிளாசோட நின்ன கை, அவசரப்படுத்தாதீக... மொ... க்... இந்தா ஆச்சு. நட்சத்திரத்த நீங்க போடாதீக, நான் போடுவேன்.

சரண்யாதேவி: ஐயா, கையெழுத்தவிட நட்சத்திரம் பெருசா இருக்கு.

மொக்கைச்சாமி: இருக்கட்டும். தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும். ஆமா, மேல ஏன் கையை வச்சு மறைக்கிறீக? எடுங்க.

சரண்யாதேவி: ஒண்ணுமில்லய்யா, காத்துல பறக்கும்னு...

மொக்கைச்சாமி: காத்தா? இலை கூட அசையல. எடுங்க கையை... இதென்ன, அஞ்சு பேரு பக்கத்துலயும் பூப்பூவா?

சரண்யாதேவி: ...நட்சத்திரம்.

மொக்கைச்சாமி: படிங்க. விருமாண்டி என்ன எழுதியிருக்கான்?

சரண்யாதேவி: 'மருதங்குளத்தார் துண்டு முள்ளில் மாட்டியதற்குப் புளியம்பட்டி பொறுப்பில்லை.'

மொக்கைச்சாமி: முள்ள விடல பாத்தீகளா! மத்தவுக?

சரண்யாதேவி: மத்த ஊர்ப் பெரியவங்கள்ல மலையம்மாள் அக்கா, 'இதனால் மருதங்குளமும் புளியம்பட்டியும் எங்களைவிடப் பெரிய ஊர் என்று அர்த்தம் இல்லை.' மத்த மூணும் அதேதான், ஊர்ப் பேரு மட்டும் வேற.

மொக்கைச்சாமி: எப்பப் போட்டாக இதெல்லாம்?

சரண்யாதேவி: நேத்துச் சாயங்காலத்துல இருந்து வீடு வீடா அலையிறேன். மொத ஆள்கிட்டயும் அஞ்சு பேரு போட்டாச்சுன்னுதான் சொன்னேன்.

மொக்கைச்சாமி: செவுத்துல எழுதியிருக்கத அழிச்சிருங்க டீச்சர்.

சரண்யாதேவி: திட்டுங்க, கேட்டுக்கிறேன். பிளஸ் டூ வந்துருச்சுல்ல... மறுபடி அந்தச் சிம்மு கம்பெனியா? குடுங்க, நான் சொல்றேன் அவனுக்கு.

மொக்கைச்சாமி: வேணாம், வேணாம். தொடாதீக... ஏத்தா, அந்தப் பொத்தான அமுக்காதீக!

விருமாண்டி (போனில்): மாப்ள! டீச்சர் வந்துருச்சா? நட்சத்திரத்தச் சொன்னா இப்பத்தான் மொதமொதலாக் கேக்குற மாதிரிக் கேளு. உடனே போட்டுறாத, கொஞ்சம் முறுக்கிக்க. நான் ஒரு மணி நேரம் முறுக்கிட்டுத்தான் போட்டேன். பெறகு, வரப்போற திருவிழாவுக்கு ஒரே மாதிரி ரெண்டு துண்டு எடுத்து வச்சிருக்கேன். சேந்தே வீசிருவோம்... என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? நேத்து நல்லாத்தான பேசுன?

சரண்யாதேவி: பேச்சுவார்த்தையே கெடையாதுன்னீங்களேய்யா?

மொக்கைச்சாமி: ஊருக்குத் தெரிஞ்சு கெடையாது டீச்சர். பதினோரு வருசமா தெனமும் போன்லதான். ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போடணும்னுதான் இருந்துச்சு, ஊரு முன்னாடி யாரு மொதல்ல எறங்குறதுன்னுதான் தெரியாமக் கெடந்தோம்... நீங்க இத மட்டும் கட்டுரையில எழுதிராதீக. எழுதியே தீருவேன்னா... பக்கத்துல ஒரு நட்சத்திரத்தப் போட்டுருங்க.