படகுக்கு பிரேக் இல்லை

திருவொற்றியூரில் ரயில் ஏறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் குழந்தைக்கான ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது.

“போட்டுக்கு பிரேக் கெடையாதுன்னு வாங்கசொல்லோ ஒருத்தனும் சொல்லல மாமு,” என்றார் அவர்.

மற்றவர் சிரித்தார். “ஹார்பர்ல இருவது வருசமா டிரெய்லர் லாரி ஓட்றவன் பேசுற பேச்சா இது?”

“சிரிக்காத. போன வாரம் பழவேற்காடு ஏரில தனியா ஓட்டிகினு போறேன். எதிர்க்க தண்ணிக்கு மேல ஒரு தல. ஒரு பொம்பள, கையால தடவி எறா புடிச்சிகினு கீது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? வலது காலால போட்டோட தரைய ஓங்கி மிதிச்சேன்.”

“மோட்டார நிறுத்த வேண்டியதுதான?”

“கை ஆக்சிலேட்டர வுடவே இல்ல. காலுதான் பிரேக்க தேடுது.”

“அந்தம்மா கத்தலியா?”

“எறா போடற கூடைய பல்லால கடிச்சிகினு கீது. எப்டி கத்தும்? கண்ணு மட்டும் பெருசாச்சு. அப்டியே முங்கிடுச்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பறம்?”

“போட்டு தாண்டுனதும் பின்னால எழுந்துச்சு. கூடை வாயிலயே கீது. என்னிய ஒரு பார்வ பாத்துட்டு, மறுபடியும் குனிஞ்சி தடவ ஆரம்பிச்சிடுச்சு.”

“வித்துடு நைனா.”

“இன்னிக்கி பாப்பாவ ஏத்தினு போறேன்னு சொல்லிட்டேன். பொன்னேரி ஸ்டேசன்ல அவங்கம்மாவோட வந்து நிக்கிது.”

பொன்னேரி வந்துகொண்டிருந்தது. ரயில் நிற்கும்வரை அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.