றெக்சன் விற்ற வண்டி

பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பொனட்டைத்தான் திறப்பார்கள். சேர், நீங்கள் எப்போதாவது வாங்கினால் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எஞ்சினைக் கழுவித் துடைத்து யாரும் மினுக்கிவிடலாம். அடிச்சட்டத்தில், செசியில் ஏறிய துருவை மறைக்கத் தார் பூசியிருப்பார்கள்; நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும். நான் படுத்துச் சுரண்டிப் பார்த்தேன். துரு இருந்தது. இருந்தும் வாங்கினேன்.

நான் சொல்வதை எழுதிக்கொள்ள, ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த சேராகப் பார்த்து அழைத்து வந்ததற்கு நன்றி. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முப்பது வருஷம் அரசாங்க டிப்போ பஸ் ஓட்டியவன். ஆனால் பிள்ளையைப் பற்றிப் பேச வந்தால் நாக்கு தமிழுக்குத்தான் போகிறது. என் பெயர் கிறிஸ்தோபர், வீடு அலுவிகாரையில். மனைவி மார்ஜரி. ஷெனாலி எங்களுக்கு ஒரே பிள்ளை. றெக்சன் மார்ஜரியின் தம்பி, பலாபத்வலயில் வண்டி திருத்துகிற கராஜ் வைத்திருந்தான். வண்டியை அவனிடம்தான் வாங்கினேன்.

வண்டி ஒரு பழைய சின்ன பஸ். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்க முடியாமல் இருந்த காலத்தில், நாலந்தாப் பக்கத்து ஆள் ஒருவர் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, குசினி அலுமாரி எல்லாம் பொருத்திக் கேரவனாக மாற்றியிருந்தார். அவருக்கு அலுத்துப்போய் றெக்சனிடம் தள்ளிவிட்டார். ரிவர்ஸ்டன் மலைக்கு வருகிற வெள்ளைக்காரர்களை அதில் ஏற்றிப்போய் மேலே தங்கவைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். ஓய்வு பெற்ற மனிதனுக்குக் கை சும்மா இருந்தால் புத்தி கெட்டுவிடும்.

றெக்சன் வேண்டாம் என்றான். பழசு, தீனி போட்டு மாளாது என்றான். விற்கிறவன் வேண்டாம் என்றால் வாங்குகிறவனுக்கு ஆசை கூடும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். அது வியாபாரத் தந்திரம் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக் கூடாது என்பார்கள். பழைய கேரவன் வாங்கியவன் அங்குசத்துக்கும் அழ வேண்டும், யானை போடுகிற லத்தியை அள்ளவும் அழ வேண்டும். முதல் மழையில் கூரை ஒழுகிக் கட்டில் மெத்தை ஊறியது. டீசல் பம்ப் போனபோது கொழும்பு முழுக்க அலைந்தும் சாமான் இல்லை. உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தோம். காப்புறுதிக்காரன் வந்து பார்த்துவிட்டு, பதிவில் பஸ் என்று இருக்கிறது, உள்ளே கட்டில் போட யார் சொன்னது என்று கேட்டான். அந்த எஞ்சின் குடித்த டீசலுக்கு ஒரு குடிகாரனைக் கட்டி மேய்த்திருக்கலாம்.

டீசல் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணெய்க்குக் கியூவில் கிடந்த வருஷத்தில் எங்களைப் போன்ற பழைய டிரைவர்கள் ஒன்றைப் பழகிக்கொண்டோம். நீளமான இறக்கம் வந்தால் எஞ்சினை ஓஃப் செய்துவிட்டு வண்டியை அதன் பாட்டுக்கு உருளவிடுவது. பெரிய பஸ்ஸுக்குக் காற்றுப் பிரேக். டாங்கியில் காற்று நிறைந்திருந்தால் எஞ்சின் ஓடாமலும் பிடிக்கும். பலகடுவை இறக்கத்தில் நான் எத்தனை தரம் அப்படி இறங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

ஷெனாலி ஓ லெவல் சோதனை எழுதி முடித்ததும் கேரவனில் மலைக்குப் போக வேண்டும் என்றாள். மார்ஜரி வரவில்லை, வளைவு ரோட்டில் அவளுக்குத் தலை சுற்றும். நாங்கள் இருவரும்தான் போனோம். மேலே காற்று ஆளைத் தள்ளியது. பிள்ளை நூடில்ஸ் சமைத்தாள், உப்புக் கூடிப்போனது, நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை சேர்.

திரும்பி ரத்தோட்டைப் பக்கம் இறங்கும்போது அவள் பின்னால் கட்டிலில் படுத்திருந்தாள். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. அதற்கடுத்த வளைவில் பெடல் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்து, பள்ளத்துப் பக்கம் போக விடாமல் மண்மேட்டில் சாத்தினேன். வேறொருவன் என்றால் வண்டி பள்ளத்தில்தான் கிடந்திருக்கும். எனக்கு நெற்றியில் ஒரு கீறல். குசினி அலுமாரி பிடுங்கிக்கொண்டு போய் ஷெனாலியைச் சுவரோடு சேர்த்து நெரித்திருந்தது. நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. அப்பா என்றாள். சத்தம் கொஞ்சம்தான் வந்தது, இரத்தம்தான் நிறைய வந்தது. அலுமாரியைத் தூக்கினேன். தூக்கியதும் அவள் போய்விட்டாள்.

றெக்சனுக்குத்தான் முதலில் போன் எடுத்துச் சொன்னேன். ரத்தோட்டையில் ஒரு லொறி வேலைக்காக வந்திருந்தான். பொலிசுக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். பிரேக் விட்டுவிட்டது என்று அவனிடம் சொன்னேன். பொலிசுக்கும் அதையே சொன்னேன். அவன் வண்டிக்குள் ஏறி ஷெனாலியின் கண்களை மூடினான். பிறகு டிரைவர் சீட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றான்.

செத்த வீட்டில் மார்ஜரியின் சித்தி ஒருத்தி, தகப்பன் எப்படி ஓட்டினானோ என்று முணுமுணுத்தாள். மார்ஜரி பெட்டியின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா சித்தி? ஓட்ட வண்டிய வித்தவன போய் கேளுங்க" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிள்ளை போய்விட்டாள், இனி எனக்கு இருப்பது மார்ஜரி ஒருத்திதான். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறினால் நான் உயிரோடு இருந்து ஒன்றுமில்லை. இதை ஒளிக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து றெக்சன் உள்ளே வந்தான். பெட்டியின் கால்மாட்டில் நின்ற பித்தளை மெழுகுதிரித் தண்டை எடுத்து அவன் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு கீழே விழுந்தன. இரண்டாவது அடி காதுக்கு மேலே பட்டது. பிடித்து இழுக்கும் வரைக்கும் அடித்தேன். அவன் கை ஓங்கவில்லை. லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டி தூக்கும்போது ஒரு பக்கம் பிடிக்க வந்தான். உன் கை படக் கூடாது என்று மார்ஜரி அவனைத் தள்ளிவிட்டாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து கராஜுக்குப் போனேன். எந்தக் கையால் அந்தப் பிரேக்கைச் செய்தாய் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அவன் இடது கை அங்கே நின்ற வேனின் கதவு இடுக்கில் இருந்தது. கதவைச் சாத்தினேன். திறந்து, மறுபடியும் சாத்தினேன். மூன்று விரல் போய்விட்டது. வேலை செய்யும்போது பொனட் விழுந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். நீங்களே யோசித்துப் பாருங்கள் சேர், மடியில் கனமில்லாதவன் இப்படி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பானா? அவன் வாயை மூடியிருக்க மூடியிருக்க, எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது.

இன்றைக்கு ஒரு மாதப் பூசை. ஏன் இன்றைக்கு என்று கேட்டீர்கள், அதையும் சொல்கிறேன்.

காலையில் றெக்சன் எனக்குப் போன் எடுத்தான். பூசைக்கு முன்னால் ஒரு தடவை கராஜுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லை. பொலிசார் பரிசோதித்து முடித்த பிறகு கேரவனை அவன்தான் கட்டி இழுத்து வந்திருந்தான். முன் டயர் சில்லுகளைக் கழற்றி, வண்டியை எண்ணெய் அழுத்தத்தில் தூக்குகிற ஜக்கில் நிறுத்தியிருந்தான். எஞ்சினை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். கட்டுப் போட்ட கையோடு எப்படிச் செய்தானோ தெரியவில்லை. என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தான். எஞ்சின் ஓடும்போது மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். பெடல் நன்றாக இறங்கிப் பிடித்தது. பிறகு ஓஃப் செய்துவிட்டு மிதிக்கச் சொன்னான். முதல் மிதி சரி, அடுத்ததும் சரி. பிறகு கல்.

"இதுக்கு காத்து பிரேக் இல்ல மச்சான். எஞ்சின் ஓடினாத்தான் பிரேக் இழுக்கும்" என்றான். "வண்டி குடுக்கும்போதே சொன்னேன், இது டிப்போ பஸ் இல்ல, இறக்கத்துல ஓஃப் பண்ணிறாதீங்கன்னு. ஒங்களுக்கு பழக்கம். கை தானா போயிருக்கும்."

சொல்லியிருக்கலாம். வண்டி கொடுக்கும்போது அவன் ஆயிரம் சொன்னான்.

"அன்னைக்கு நான் வந்து பாக்குறப்ப சாவி ஓஃப்ல இருந்துச்சு. பொலிஸ் வர்றதுக்கு முன்னால நான்தான் திருப்பி ஒன்ல விட்டேன். ஒங்கள உள்ள போட்டுட்டா அக்காவுக்கு யாரு இருக்கா?"

அடியிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. சப்பாத்துக் கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. அழுகிறான் என்று நினைக்கிறேன்.

"நீங்க அடிச்சதெல்லாம் எனக்கு பெரிசில்ல. அக்கா மொகத்த திருப்பிக்கிறா, அத என்னால தாங்க ஏலாது. பூசை முடிஞ்சு அவகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன் மச்சான். வேற ஒருத்தருக்கும் வாய தொறக்க மாட்டேன்."

நான் சீட்டிலிருந்து இறங்கினேன். கோபம் ஒன்றும் இருக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கோபத்தில் செய்தேன் என்று பிறகு எந்த லோயரும் சொல்லக் கூடாது. எண்ணெய் ஜக்கின் வால்வைத் திறந்தால் வண்டி தொப்பென்று விழாது. மெல்ல மெல்லத்தான் இறங்கும். அவன் உருண்டு வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கால் இரண்டையும் என் முழங்காலால் அழுத்திக்கொண்டு வால்வைத் திருகினேன்.

"மச்சான், ஜக் இறங்குது. கொஞ்சம் பாருங்க" என்றான்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் காலைப் பிடித்திருப்பதை, அவனை வெளியே இழுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டான். இழுங்க, இழுங்க என்றான். கடைசி வரைக்கும் ஜக்கைத்தான் சந்தேகப்பட்டான். நெஞ்சில் பாரம் ஏறியதும் பேச்சு நின்றது. விலா எலும்புகள் முறிகிற சத்தம் காய்ந்த விறகு முறிகிற மாதிரித்தான் இருந்தது. அப்போதும் உயிர் போகவில்லை, கால் உதைத்துக்கொண்டே இருந்தது. வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்க் குனிந்து அடித்தேன். தலை சரியாக எட்டவில்லை. அதனால் கொஞ்ச நேரம் எடுத்தது. நின்று நின்றுதான் அடித்தேன், எனக்கும் வயதாகிவிட்டது.

டீசல் போட்டுக் கையைக் கழுவினேன், சவர்க்காரமும் போட்டேன். சேர்ட்டை மாற்றிக்கொண்டு பூசைக்குப் போய் மார்ஜரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நற்கருணையும் வாங்கினேன். பூசை முடிந்து வீட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு. மார்ஜரி அடிக்கடி வாசல் கேற் பக்கம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "தம்பிக்கு ஒரு பார்சல் கட்டி வைங்க. பல்லு இல்லாம அவன் என்னத்த சாப்பிடுறானோ. நாளைக்கு நானே கொண்டுபோய் குடுக்கிறேன்" என்றாள். ஒரு மாதத்தில் அவள் அவன் பேரை எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் வாழையிலையில் பார்சல் கட்டினேன். மென்மையான துண்டாகப் பார்த்துத்தான் வைத்தேன். கட்டி முடித்துவிட்டு இங்கே வந்தேன்.

பிரேக்கில் பிழை ஒன்றும் இல்லை என்று வாகனப் பரிசோதகர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் பெரிய படிப்புப் படித்தவர், இருக்கட்டும். சாவி ஓஃபில் இருந்தது என்பது றெக்சன் சொன்ன கதை. நான் ஓஃப் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வண்டியில் அதற்கு முன்னால் எந்த இறக்கத்திலும் ஒன்றும் ஆனதில்லையே, எத்தனையோ தடவை அப்படித்தானே இறங்கியிருக்கிறேன்.

அந்தச் சாவிப் பேச்சை மட்டும் வெட்டிவிடுங்கள் சேர். மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன். வேண்டுமென்றுதான் செய்தேன், தெளிந்த புத்தியோடு செய்தேன், தூக்கு என்றாலும் மறுபேச்சு இல்லை. மார்ஜரிக்குச் சொல்ல யாரையாவது அனுப்புவீர்கள்தானே. எங்கள் ஷெனாலியைக் கொன்றவனை அவளுடைய அப்பா கொன்றுவிட்டார் என்று சொல்லச் சொல்லுங்கள், அவளுக்கு அது போதும்.