பெட்டியை இறக்கும் முறை

பாரம் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், செய்கிறவர்கள்தான் குறைவு. அதனால்தான் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களில் பாதிப் பேர் நாற்பது வயதிலேயே இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு திரிகிறார்கள். பாடுகிறவர் வெறும் தொண்டையோடு வந்து தொண்டையோடு போய்விடுவார். நாங்கள் மட்டும் வீடு மாறுகிறவர்கள் மாதிரி ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அலைய வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஐயா. இன்றுவரை முதுகுவலி என்று படுத்ததில்லை. எதையும் முறைப்படி செய்கிறவன் நான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அப்படியே சொல்கிறேன், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பேஸ்காரர்கள் கூட்டம் மொத்தம் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்ப் ரிப்பேர் கடையின் பின்னறையில் கூடுவோம். எந்தத் தந்தி சீக்கிரம் மழுங்குகிறது, எந்த ஆம்ப் சூடானதும் உறுமுகிறது, எவன் எதை விற்றுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறான், இதுதான் பேச்சு. பெண்டாட்டி பிறந்தநாள் மறந்துபோகும். பத்து வருடத்துக்கு முன்னால் கைமாறிய ஆம்ப்பின் பின்பக்கத்தில் எத்தனை ஸ்க்ரூ இருந்தது என்பது மறக்காது. கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "ஏழு பேரும் ஒரே சாமானைத்தான் சுத்திச் சுத்தி வித்துக்கிறீங்க. நடுவுல ஸ்க்ரூ முடுக்கியே நான் கிழவனாயிட்டேன்," என்பார்.

அந்தக் கூட்டத்தில் எனக்குச் சுவர் என்று பெயர். மேடையில் பின்னால் நின்று அசையாமல் வாசிப்பேன். சுவரில் சாய்த்து வைத்த பலகை மாதிரி இருக்கிறேன் என்று யாரோ சொல்லப்போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. நீங்கள் யாரைப் பற்றிக் கேட்கிறீர்களோ, அவனுக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்துப் பத்து வருடம் ஆகிறது, பெயரை எடுக்க முடியவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டி கைக்கு வந்தால், பின்பலகையைக் கழற்றி உட்புறத்தில் பென்சிலால் பெயரை எழுதுவோம். விற்கும்போது, உங்கள் பெயருக்கு மேலே இருக்கிற பெயர்க்காரனிடம் முதலில் கேட்க வேண்டும். அவன் வேண்டாம் என்றால்தான் வெளியாளுக்கு. யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

நான் சொல்கிற பெட்டியில் எட்டு ஸ்பீக்கர். நின்றால் என் மார்பு உயரம், எடை எழுபது கிலோவுக்குக் குறையாது. இருபத்தாறு வயதில் அதை வாங்கினேன். அடித் தந்தியை ஒரு தட்டுத் தட்டினால் அதிர்வு பாதத்தில் ஏறிப் பின்கழுத்து வரைக்கும் வரும். எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெட்டி நன்றாக இருந்த நாட்களில் நானும் நல்லவனாகத்தான் இருந்தேன்.

மகள் பிறந்தபோது எங்களுக்கு ஒற்றை அறை வீடு. தொட்டிலுக்கும் பெட்டிக்கும் சேர்த்து இடமில்லை. என் மனைவி சண்டை எதுவும் போடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க, ரெண்டுல எதை வெளிய வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். மீசைக்குக் கொடுத்தேன். நாங்கள் இருவரும்தான் அதை அவன் வீட்டு இரண்டாவது மாடிக்கு ஏற்றினோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவன் என் கையைப் பிடித்து, "இது உங்க பெட்டிதாண்ணே. நான் குடுத்தா உங்களுக்குத்தான் குடுப்பேன்," என்றான். பிறகு இசைக்குழுவில் என் இடத்துக்கும் அவனே வந்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தத் தொட்டிலில் கிடந்தவளுக்கு இப்போது பதினைந்து வயது. பதினைந்து வருடமும் ஞாயிறு தவறாமல், பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவனும் சலிக்காமல் பதில் சொல்வான்.

போன மாதம் அவன் டிபன் டப்பா அளவில் ஒரு புது ஆம்ப் வாங்கினான். தோள்பையில் போட்டுக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினான். நல்ல சாமான்தான், குறை சொல்லமாட்டேன். அதற்கு இரண்டு வாரம் கழித்து, அதே பின்னறையில், பெட்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றான். உணவு விடுதி நடத்துகிற ஒருவர். எட்டு ஸ்பீக்கரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, தட்டு அடித்து, விளக்குப் போட்டு, பாட்டில் அடுக்குகிற அலமாரி ஆக்கப்போகிறாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் முறைப்படி நடக்கவில்லை என்பதுதான் என் ஒரே குறை, ஐயா. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"எப்படி இறக்கப்போறே?" என்று கேட்டேன்.

"அதாண்ணே தெரியல. ஏத்தும்போது உங்களுக்கும் எனக்கும் பதினைஞ்சு வயசு கம்மி."

"நான் வர்றேன். எனக்கு அந்தப் பெட்டியோட பிடி தெரியும்."

அவன் முகம் மலர்ந்தது. "நீங்க மனசுல எதுவும் வச்சுக்கலையேண்ணே?" என்றான். நான் அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் போனேன். விடுதிக்காரர் வண்டியோடு நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. என் கிட்டாரை எதற்காகக் கொண்டுபோனாய் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். கைமாறுகிற பெட்டியை வாசித்துப் பார்க்காமல் விடக்கூடாது. அதுவும் முறைதான். முதலில் அவனுடைய பழைய வால்வு ஆம்ப்பைக் கீழே இறக்கி, படிக்கட்டின் அடியில், மின் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் செருகி வைத்தோம். என் கிட்டாரையும் அங்கேயே சாய்த்து வைத்தேன். பிறகு பெட்டிக்காக மேலே போனோம்.

பெட்டியை இறக்குவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒருவன் கீழ்ப்பக்கம், ஒருவன் மேல்பக்கம். கீழே இருப்பவன் பின்னால் பின்னால் நடக்க வேண்டும். பாரம் முழுக்க அவன் மேல்தான் சாயும், பெட்டி முகத்தை மறைப்பதால் அவனுக்குப் படியும் தெரியாது. மேலே இருப்பவன்தான் அவனுக்குக் கண். ஒவ்வொரு படிக்கும் "படி" என்று சொல்ல வேண்டும். சமதளம் வந்ததும் "முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் கீழே இருப்பவன் காலை வீசிப் பின்னால் வைப்பான். வயதில் சிறியவன் கீழே போவது வழக்கம். அவனே போனான்.

இரண்டாவது மாடியிலிருந்து முதல் மாடி வரை ஒவ்வொரு படியையும் சொன்னேன். ஒன்றும் தவறவில்லை. நடுவில் ஒரு தடவை இளைப்பாறினோம். அவன் பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா நல்லா இருக்காங்களா? பாப்பா என்ன படிக்குது?" என்று கேட்டான். சொன்னேன். "கை தாங்குதாண்ணே?" என்றும் கேட்டான். தாங்குகிறது என்றேன். உண்மையிலேயே தாங்கியது.

கடைசி வரிசையில் பதினான்கு படி. நான்கு படி சொன்னேன். ஐந்தாவதில் "முடிஞ்சது" என்றேன்.

அவன் சமதளம் என்று நினைத்து இடது காலை நீட்டிப் பின்னால் வைத்தான். அங்கே தரை இல்லை. கை வழுக்கிவிட்டது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. என் பிடி வழுக்காது. நான் விட்டேன். விட்டபிறகு உள்ளங்கையால் கொஞ்சம் தள்ளவும் செய்தேன், இல்லையென்றால் பெட்டி நடுப்படியிலேயே சிக்கிக்கொண்டிருக்கும்.

எல்லாம் மூன்று நொடிக்குள் முடிந்தது. கீழே இறங்கிப் பார்த்தபோது அவன் மல்லாந்து கிடந்தான். பெட்டி அவன் கழுத்துக்குக் கீழே ஆரம்பித்துத் தொடை வரைக்கும் கவிழ்ந்திருந்தது. ஒரு கால் முழங்காலில் மடங்கக்கூடாத பக்கம் மடங்கி, எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தலை கடைசிப் படியின் விளிம்பில் மோதியிருந்தது. காதிலிருந்து ரத்தம் நூல் மாதிரி ஓடியது. வலது கை பெட்டிக்கு அடியில். இடது கை மட்டும் வெளியே, பெட்டியின் பக்கப் பலகையை ஒட்டிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான்.

"அண்ணே, தூக்குங்க," என்றான்.

முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. ஒரு அம்மாள் குனிந்து பார்த்து, "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் ஒரு மூலையும் நானும்தான் தெரிவோம். "பெட்டி நழுவிடுச்சும்மா. ஒண்ணுமில்ல, பார்த்துக்கிறேன்," என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பெட்டி நழுவியது, நான் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாளிடம் நான் பொய் சொல்லவில்லை.

அவன் மறுபடி கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். அதன் பிறகு பேசுவதற்கு மூச்சுப் போதவில்லை.

எழுபது கிலோ பெட்டி ஒன்பது படி உருண்டு விழுந்தால் உள்ளே என்ன ஆகியிருக்குமோ என்று எனக்குப் பதைத்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயமெல்லாம் அப்போது வரவே இல்லை. பெட்டி கவிழ்ந்து கிடந்ததால் முதுகுப்பக்கம் மேலே இருந்தது. கேபிள் செருகுகிற இடம் அங்கேதான். செருகினேன். ஆம்ப்பைப் போட்டு வால்வு சூடாகும் வரை ஒரு நிமிடம் காத்திருந்தேன். அதையும் அவசரப்படுத்தக் கூடாது. பிறகு கிட்டாரை மாட்டிக்கொண்டு அடித் தந்தியைத் தட்டினேன்.

எட்டும் பாடியது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த அதிர்வு என் பாதத்தில் ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஐயா. ஓரத்தில் ஒன்று மட்டும் லேசாகக் கரகரத்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று மனசு கேட்காமல் குனிந்து பார்த்தேன். அவன் சட்டைப் பொத்தான் முன்பக்க வலையில் உரசிக்கொண்டிருந்தது. பெட்டியை விரல் அளவு நகர்த்தினேன். அவன் ஒரு சத்தம் போட்டான். கரகரப்பு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் வாசித்தேன். பழைய பாட்டுகளைத்தான், நானும் அவனும் அந்தக் குழுவில் முன்னும் பின்னுமாக வாசித்தவை. கொஞ்ச நேரத்தில் அவன் இடது கை விரல்கள் பக்கப் பலகையைத் தட்ட ஆரம்பித்தன. கதவைத் தட்டுகிற மாதிரி உதவிக்குத் தட்டியிருக்கிறான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை. அவன் தாளத்தோடு தட்டினான். நான் வேகத்தைக் குறைத்தபோது அவனும் குறைத்தான். இருபது வருடம் மேடையில் நின்ற கை, அது வேறு எப்படித் தட்டும்? அத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாக வாசித்தது அன்றைக்குத்தான். மூன்றாவது பாட்டின் நடுவில் அவன் நிறுத்திவிட்டான். பாதியில் விடக்கூடாது என்று நான் முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

நாலு மணிக்கு விடுதிக்காரர் வந்தார். நான் ஈரத்துணியால் பெட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் நல்லது, வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும். எட்டும் நன்றாக இருக்கிறது, ஆனால் விற்பதற்கு இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் பெட்டிக்கு அடியில் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். நான் எங்கும் ஓடவில்லை. நீங்கள் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன்.

கொன்றது நான்தான். அதில் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மிச்சம் இருப்பது இன்று காலை நீங்கள் என் முன்னால் வைத்த அவனுடைய போன்தான். விடுதிக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் அவன் எனக்கு அனுப்பிய செய்தி அதில் இருக்கிறது. "அண்ணே, பெட்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். முறைப்படி முதல்ல உங்ககிட்டதான் கேக்கிறேன். வேணுமா?" அதற்குக் கீழே என் பதில். "வேண்டாம்ப்பா. யாருக்காவது குடு."

நான் அனுப்பியதுதான். இல்லை என்று எப்போது சொன்னேன்?

நீங்களும் நாலு பேர் வீட்டுக்குப் போய்வருகிறவர்தானே, ஐயா. டீ குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள், வேண்டாம் என்போம். உடனே அடுப்பை அணைத்துவிடுவார்களா? சும்மா குடிங்க என்று இன்னொரு தடவை சொல்லமாட்டார்களா? பதினைந்து வருடம் வாய்விட்டு விசாரித்தவனுக்கு எதில் ஆசை என்று அவனுக்குத் தெரியாதா? அந்தப் பதிலை அனுப்பிவிட்டு இரண்டு வாரம் போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தேன். கூடத்தில் பெட்டி வைக்க இடம்கூட ஒதுக்கிவிட்டேன். மனைவி எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா என்றேன்.

அவன் இன்னொரு தடவை கேட்கவே இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.