எய்னரின் நாற்காலி

போட்டிக் குழுவினருக்கு,

நூலகக் கீழ்த்தளத்தில் ஹீட்டர் சரியாகிவிட்டது. அதைத் தெரிவிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு, இந்த வருடம் பரிசு பெற்ற படத்தைப் பற்றியும் எழுதிவிடுவதே முறை என்று பட்டது.

பொம்மைக் கட்டைகளை அடுக்கி, பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு போட்டோ எடுத்துப் படமாக்கும் உங்கள் புதியவர் போட்டியில் ஏழு வருடமாகக் கலந்துகொள்கிறேன். முதல் மூன்று இடங்களில் வராதவரை ஒருவர் புதியவர்தான் என்பது விதி. அந்த விதியின் தயவில் அறுபத்திரண்டு வயதிலும் நான் புதியவன். நூலகக் காவலாளி என்பதால் கீழ்த்தளத்துச் சாவியும் என்னிடம்தான்.

இந்தக் குளிர்காலத்தில் என் பக்கத்து மேசைக்கு குட்ரூன் வந்தார். கணவர் எய்னர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தன் வீட்டுச் சமையலறையைக் கட்டைகளால் கட்டி, மேசையருகே ஒரு வழுக்கைத்தலைப் பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்தார். குட்ரூனின் பொம்மை காப்பிக் கெண்டியோடு அவரிடம் நடந்து வரும். படம் அவ்வளவுதான். எய்னர் நகரவே மாட்டாரா என்று கேட்டேன்.

"அந்த மனுஷன் உசிரோட இருந்தப்பவே காப்பி கைக்கு வந்தாத்தான் உண்டு. இப்ப மட்டும் எந்திரிச்சு வரப்போறாராக்கும்," என்றார்.

தினமும் நீச்சல் முடித்து நாலு மணிக்கு வருவார். பன்னிரண்டு போட்டோ எடுப்பார். திரையில் அது ஒரு நொடி. பிறகு பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றுவார். போட்டோக்கள் நன்றாக இருந்தன. என்னுடையதைவிட நன்றாக என்று சொல்ல மாட்டேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை, எய்னரின் நாற்காலியை வாசல் பக்கமாக ஒரு குமிழ் தள்ளிவைத்தேன். கட்டைகளைப் பொருத்தும் அடித்தட்டில் ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் எட்டு மில்லிமீட்டர். அதை யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். நகரக் கூடாத பொருள் நகர்ந்தால் நீங்கள் பத்து மதிப்பெண் குறைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் இன்னொரு குமிழ். இப்படி இருபது நாள்.

குட்ரூன் ஒவ்வொரு நாளும் தன் பொம்மையைக் கூடுதலாக ஓரடி நடக்கவிட்டார். திரையில் நீங்களே பார்த்தீர்கள்: எய்னர் விலக விலக, இவள் கெண்டியோடு பின்னாலேயே போகிறாள், கடைசி நொடியில் அவர் வாசலுக்கு வெளியே. சபையில் முதலில் சிரித்தார்கள். பிறகு கைக்குட்டையைத் தேடினார்கள். குட்ரூனுக்கு முதல் பரிசு. எனக்கு வழக்கம்போல் நாலாவது இடம்.

விழா முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்ப்பா ப்ரெபென், சொன்னா சிரிக்கக் கூடாது. அந்த நாற்காலிய நான் தொடவே இல்ல. அவராத்தான் போனாரு. எனக்குப் பழகட்டும்னு மெதுவாப் போயிருக்காரு."

இனி மனசு நிம்மதி, வீட்டை விற்றுவிட்டு ஓர்ஹூஸ் நகரில் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்றார்.

ஏப்ரல்வரை அந்தச் சமையலறை கீழ்த்தளத்திலேயே காட்சிக்கு இருக்கும். மறுநாள் காலை நாற்காலியைத் திருப்பி, ஒரு குமிழ் உள்ளே வைத்தேன்.

நாலாம் நாள் குட்ரூன் மகளுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். வீடு பார்க்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். நாலு மணிக் காப்பி தொடர்கிறது.

"காப்பி இல்லாம இருக்க முடியல பாத்தியா அவருக்கு," என்கிறார். ஆமாம் என்கிறேன்.

ஆக, போகும்போதும் திரும்பும்போதும் நாற்காலியை நகர்த்தியது நான்தான். இதில் எனக்கென்று எந்த ஆதாயமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

நாளை எய்னர் மேசையை எட்டிவிடுவார். அங்கே இன்னொரு நாற்காலிக்கும் இடம் இருக்கிறது. கையில் சாவிக்கொத்து உள்ள ஒரு பொம்மையை இன்று காலை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு குமிழ்தான்.

இப்படிக்கு,
ப்ரெபென்