பொன்சிறகுக்கு ஒரு பெயர்

பென்சிலை நான் பிளேடால்தான் சீவுவேன். ஷார்ப்னர் முனையை உடைத்துவிடும். அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருடம் பூச்சிகளை வரைந்த கை இது, இன்ஸ்பெக்டர் ஐயா. நடுங்காது.

இறந்தவர் என் தங்கையின் கணவர். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். கேடிஸ் பூச்சி என்றால் அவருக்குப் பைத்தியம். புழுவாக இருக்கும்போது ஓடையில் மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். பிறகு சிறகு முளைத்துப் பறக்கும். ஆண் பூச்சியின் வால் நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்தால்தான் அது புது இனமா என்று தெரியும். பிடிப்பது அவர், வரைவது நான். பேர் வாங்குவது மட்டும் அவர்.

எங்கள் துறையில் புது இனத்துக்கு யாரும் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் மனசு வைக்க வேண்டும். நான் காத்திருந்தேன். போன வருடம் ஏழு புது இனங்களுக்குப் பெயர்ப் பட்டியல் போட்டு நீட்டினார். பேராசிரியருக்கு ஒன்று, என் தங்கைக்கு ஒன்று. இருப்பதிலேயே அழகான பொன்சிறகுப் பூச்சி ஜீப் ஓட்டுநருக்கு.

"சேத்துல மாட்டினப்ப தோள் குடுத்து வண்டியத் தள்ளினாரே மச்சான், மறக்க முடியுமா? இந்தக் கடைசி ஒண்ணு உங்களுக்கு."

கடைசி ஒன்று அரிசி அளவு இருந்தது. மண் நிறம்.

"சந்தோஷம் மாப்பிள்ளை" என்றேன். வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை, அணைக்குக் கீழே ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கரையில் உட்கார்ந்து புட்டிகளுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். அணைக் காவலர் எனக்குத்தான் போன் செய்தார்.

"சார், பத்து நிமிஷத்துல மதகு திறக்கறாங்க. சைரன் வேற ரிப்பேர். உங்க மாப்பிள்ளைய உடனே மேல வரச் சொல்லுங்க."

"சொல்றேன்."

சிக்னல் இல்லை என்று உங்களிடம் முதலில் சொன்னது தவறுதான். நாற்பது விநாடி பேசியதாக நீங்கள் எடுத்த போன் பட்டியலில் இருப்பது சரி. அவர் இருபதடி தூரத்தில்தான் நின்றார். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஏறி வந்திருப்பார். நான் ஒன்பது புட்டிக்கும் எழுதி முடித்தேன். கடைசி லேபிளின்போது தண்ணீர் வந்தது. அவர் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. வேண்டுமானால் புட்டிகளை எடுத்துப் பாருங்கள்.

அந்த ஏழு இனங்களைப் பற்றி அவர் எழுதிப் பாதியில் நின்ற கட்டுரையை முடித்துத் தரச் சொல்லி தங்கை என்னிடம் கொடுத்தாள். இரண்டு பெயர்களை மட்டும் இடம் மாற்றினேன். ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல மனிதர். பொன்சிறகுக்கு இப்போது என் பெயர். கட்டுரை ஆசிரியர் மாப்பிள்ளை ஒருவர்தான் என்பதால் முறைப்படி அது அவர் வைத்த பெயர். வழக்கத்தை நான் மீறவில்லை.

அச்சாகி வந்ததும் தங்கையிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தைத் தடவித் தடவி அழுதாள்.

"அவருக்கு உங்க மேல எவ்ளோ மரியாதை, பாருங்கண்ணா."

இருந்தது, ஐயா. கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.