படகு கட்டியே கிடக்கட்டும்

"ஹலோ... ஹலோ, கொச்சி போட் ஆபீஸ்ங்களா?... நாந்தாங்க, ஜெயராணி. கீரனூரு. சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கும் பெரிய போட்டை வாடகைக்குச் சொன்னேனே... ஆமா, ஆமா. ஆளுகளோட சேத்துத்தான். கேப்டன், ஸ்டீவர்ட் எல்லாரும்... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, பஸ்ல போய்க்கிட்டு இருக்கேன்."

திருச்சிக்குப் போகிற காலை பஸ் அது. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தும் ஜெயராணி டீச்சருக்கு உட்கார முடியவில்லை. எழுவதும் உட்காருவதுமாக இருந்தாள். போன் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் போய்வந்தது.

கடலில் உல்லாசமாகப் போகிற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. மீமிசல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கடலை எட்ட நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அவளுடைய ஒரே தம்பி ஜஸ்டின் அந்தக் கொச்சிப் படகில்தான் ஸ்டீவர்ட். ஏறுகிறவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுகிற வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆவூர் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவள் மகள் ஸ்வீட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தம்பியோ, ஞாயிறானால் படகுக்கு ஆள் வந்துவிடும், லீவே தரமாட்டேன் என்கிறார்கள் என்று கையை விரித்துவிட்டான்.

டீச்சர் யோசித்தாள். படகை நாமே பிடித்துவிட்டால் வேறு எவனும் ஏற முடியாது. வேலை இல்லாத தம்பி நேராக ஊருக்கு வந்துவிடுவான். அவ்வளவுதானே! சீட்டு எடுத்த பணத்தை அப்படியே அட்வான்ஸாக அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

"விசயம் என்னன்னா, நாங்க யாரும் வரலைங்க... இல்லல்ல, கேன்சல் இல்ல! நல்லாக் கேளுங்க. போட்டு எங்க பேருலயே இருக்கட்டும். அங்கிட்டே கட்டிப் போட்டுருங்க. ஒங்க ஆளுகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிருங்க, பாவம், ரெண்டு நாளு படுத்து எந்திரிக்கட்டும்... ஏன்? ஏறுறதுக்கே ஆளில்லையே, அப்புறம் எதுக்கு அவங்க இருக்கணும்?... அதென்ன ரூல்சு?... வந்தாலும் வராட்டியும் போட்டுலதான் கெடக்கணுமா?... ஸ்டீவர்ட்டுமா?... ஆத்தாடி!"

காசைக் கொடுத்துப் பூட்டு வாங்கி, தம்பியைத் தானே உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

"அப்ப கேன்சல் பண்ணிருங்க... வேற பார்ட்டியா? நான் விட்டா அவங்க ஏறிருவாங்களா?... வேணாம், வேணாம்! கேன்சல் பண்ணாதீங்க... கோவமெல்லாம் இல்லைங்க... ஆமா, கோவந்தான்! இருங்க... ஜங்ஷன் ஒண்ணு குடுங்கண்ணே. சில்லறை இல்லண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்... ஹலோ, ஒங்களை இல்லைங்க. கண்டக்டர்கிட்ட."

சும்மா விட்டுவிடவும் முடியாது. நாத்தனார் அமுதவல்லி நேற்றே ஆரம்பித்துவிட்டாள். ஜஸ்டின் வராவிட்டால் என்ன, என் வீட்டுக்காரரும் பிள்ளைக்கு மாமாதானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று ரொம்ப நல்லவளாகச் சொன்னாள். அந்த ஆளின் மடியில் தன் பிள்ளையா? கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போதா? நினைத்தாலே ஜெயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன?... சாப்பாட்டுக்கு என்ன வேணும்னா? அடப் போங்க, நானே நொந்து போயிருக்கேன்... யாரு சமைக்கிறா? ஜஸ்டினா?... மீனு வறுத்தா அப்படி இருக்குமா?... ம்... ம்... வாரவுக எல்லாம் அவனையே கேப்பாகளா?... கேப்பாக, கேப்பாக. ஏன் கேக்க மாட்டாக? எங்கம்மா கையி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லீவு கேட்டு ஆபீசுக்கெல்லாம் போன் போடாதே, நான் உன் தம்பி என்று அங்கே காட்டிக்கொள்ளாதே என்று ஜஸ்டின் தலையில் அடித்துச் சொல்லியிருந்தான். நல்லவேளை, அந்தப் பக்கம் அது காதில் விழவில்லை.

"ஒண்ணும் வேணாங்க... என்ன கேட்டாலும் வாங்கித் தருவீங்களா? கரைக்குப் போயா? யாரு போவா?... ஸ்டீவர்ட்டா!... இருங்க, இருங்க. எறங்கவே கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?... ஓ! நாங்க சாமான் வாங்க அனுப்புனா எறங்கலாம்... கேப்டன் மட்டும் போட்டுல இருந்தாப் போதும்... எம்புட்டுத் தூரம் அனுப்பலாம்?... அல்வாவுக்காகத் திருநெல்வேலி வரைக்கும் ஒருத்தரை அனுப்பியிருக்காங்களா!"

ஜெயராணி சம்மணம் போடாத குறையாக சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப எழுதிக்கோங்க. எனக்கு ஒரு எலை சாப்பாடு வேணும். கறிச்சோறு... கொச்சியில கெடைக்காதுங்க. ஆவூர்லதான் கெடைக்கும். புதுக்கோட்டை மாவட்டம், கீரனூருக்குப் பக்கத்துல... ஞாயித்துக்கெழமை, பூசை முடிஞ்ச கையோட. அதனால ஜஸ்டினை சனிக்கெழமையே ரயில் ஏத்திருங்க... கெட்டுப் போனா போகட்டும்! திங்கப் போறது நானா, நீங்களா?... வேற ஆளு வேணாம். அவனைத்தான் அனுப்பணும்... ஏன்னா..."

இவ்வளவு நேரம் வாயாடியவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா அவன் என் தம்பிங்க. கூடப்பொறந்தவன். எம்மகளுக்குக் காதுகுத்து, அவன் மடியில ஒக்காரணும். அதுக்குத்தான் இத்தனையும்... அவனைத் திட்டிராதீங்க, அவனுக்கு இது எதுவுமே தெரியாது... என்னங்க, சிரிக்கிறீங்க?... சிரிங்க. நல்லாச் சிரிங்க. ஆனா அனுப்பிருங்க... நெசமாவா?... மாதாவே! நீங்க நல்லா இருக்கணும்ங்க... யாருகிட்ட? ஆங், குடுங்க."

முன் சீட்டில் இருந்தவர்கள் எப்போதோ திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜஸ்டினா?... எம்புட்டு நேரமாடா பக்கத்துல நிக்கிறே?... ஆமா, நாந்தான் புடிச்சேன். கப்பலே புடிப்பேன், ஒனக்கென்ன?... பணத்தை விடு. வாயை மூடு... சீரா? எந்தச் சீரு?... தோடு எடுக்கலையா?... தட்டு ஒண்ணுகூட இல்லாம எப்படி வாரதுன்னா?... அதுக்காகத்தான் லீவு இல்லைன்னு சொன்னியா?... டேய். டேய், அழாதே. அங்க ஆளுக இருக்காங்க... ஒண்ணும் கொண்டாராதே. மடியோட வா, அது போதும்... சரிடா, வச்சிர்றேன். பஸ்ஸே என்னையப் பாக்குது."