மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும்

டம்பெல்லைத் தூக்குவதைவிட இறக்குவதுதான் முக்கியம், இன்ஸ்பெக்டர் சார். அவசரப்பட்டு இறக்குகிறவனுக்கு நெஞ்சு விரியாது. திருச்செங்கோட்டில் என் ஜிம்முக்கு வருகிறவர்களுக்குப் பதினாறு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பூபதி ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே போனால் மூன்று மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவான். அவனைப் பெஞ்சில் படுக்கவைத்து, தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்துப் பதிக்கவும், பாதங்களைத் தரையில் ஊன்றவும் பழக்கியது நான்தான்.

இந்தச் சித்திரையில் வந்தவன், நான் கிருத்திகா என்ற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஸ்டர், முழங்கைய இப்படித் தோளுக்கு நேரா விரிச்சா மூட்டு போயிருமுங்க. கொஞ்சம் ஒடம்போட சேத்தி வெக்கச் சொல்லுங்க" என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். சொன்னதும் சரிதான். வீட்டில் அப்படிச் செய்து பார்த்தேன். பல வருடமாக எனக்கிருந்த தோள்வலி அன்று வரவில்லை.

அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் பூபதியைப் பார்த்தார்கள். அவன் லேசாகத் தலையசைத்த பிறகுதான் செய்தார்கள். யாரும் என்னை அவமதிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, பூபதியைக் கைக்கு நாற்பது கிலோ எடுக்கச் சொன்னேன். அதுவரை அவன் முப்பதைத் தாண்டியதில்லை.

"தாங்குமுங்களா மாஸ்டர்?" என்று கேட்டான்.

தலைமாட்டில் நான் நிற்கிறேன், பயப்படாதே என்றேன்.

அப்படித் துணைக்கு நிற்கிறவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். முழங்கையைத் தாங்கினால் கை உள்பக்கம் மடிந்து, எடை முகத்திலோ கழுத்திலோ வந்து விழும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் முழங்கையைத் தாங்கினேன்.

நான்காவது முறை இறக்கும்போது, "புடிங்க மாஸ்டர்" என்றான். நான் முழங்கையை விடவில்லை. வலது கை மடிந்தது.

கழுத்தில் விழுந்ததை நான் தூக்கப் போராடினேன் என்று கிருத்திகா சொல்லியிருக்கிறாள். கதவருகிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். என் இரண்டு கைகளும் டம்பெல்லின் மேல்தான் இருந்தன. அவன் கால்கள் உதறி அடங்கும்வரை அதை அழுத்திக்கொண்டிருந்தேன்.

கோபமெல்லாம் இல்லை, சார். சொல்லிக்கொடுத்ததை அவனைப்போல் ஒழுங்காகச் செய்கிறவன் என்னிடம் வேறு யாருமில்லை. அதனால்தான் கடைசிவரை கூடவே நின்றேன்.